துய்லரி தோட்டத்தின் நேர்க்கோடு

பிரெஞ்சு அரச தோட்டங்களின் படத்தைப் பார்த்தால் பலருக்கும் ஒரு சின்ன எரிச்சல் வரும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி பாதைகள், கட்டம் கட்டமாகக் கத்தரித்த செடிகள், அணிவகுப்பில் நிற்கும் மரங்கள். மரத்தைக்கூட இஷ்டத்துக்கு வளர விடாத ராஜாக்கள் என்று நானும் கிண்டல் செய்திருக்கிறேன். பாரிஸின் துய்லரி தோட்டத்தைப் பற்றிப் படித்தபிறகு அதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அங்கே முன்பு இருந்தவை ஓட்டுச் சூளைகள். பிரெஞ்சில் துயில் என்றால் ஓடு. பெயர் அப்படி வந்தது. 1564-ல் ராணி கேத்தரின் டி மெடிச்சி அங்கே மாளிகை கட்ட ஆரம்பித்து, கூடவே இத்தாலிய பாணியில் தோட்டமும் போட்டார். நூறு வருடம் கழித்து, 1664-ல், பதினான்காம் லூயியின் தோட்டக்காரர் ஆந்த்ரே லெ நோத்ர் அதை அடியோடு மாற்றினார். தாத்தா, அப்பா இருவருமே அதே தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். இவர் இளமையில் ஓவியமும் படித்தவர், அது தோட்டத்தில் தெரிகிறது. மாளிகையை ஒட்டியிருந்த வட்டக் குளத்தைவிட மேற்குக் கோடியில் இருக்கும் எண்கோணக் குளம் பெரியது. தூரத்தில் இருப்பது கண்ணுக்குச் சிறுத்துவிடும் அல்லவா, அதற்கு ஈடு! நடுவில் ஓடும் அகலமான பாதையைத் தோட்டத்துக்கு வெளியேயும் மேற்கு நோக்கி நீட்டினார். இன்றைய ஷான்ஸ் எலிஸே சாலை அந்த நீட்டல்தான்.

ஆக, அவ்வளவு கணக்கும் மாளிகை ஜன்னலில் நிற்பவருக்காக. இதுவரைக்கும் என் பழைய கிண்டல் செல்லும்.

புதுத் தோட்டம் தயாரானதும் பொதுமக்களை உள்ளே விடவேண்டாம் என்று நினைத்தார் அமைச்சர் கோல்பேர். அவரிடம் வேலை பார்த்த சார்ல் பெரோ (தேவதைக் கதைகள் எழுதிய அதே பெரோதான்) மறுத்துப் பேசினார். நோயிலிருந்து தேறுபவர்கள் காற்று வாங்க வருகிறார்கள், கல்யாணப் பேச்சும் வியாபாரப் பேச்சும் இங்கே நடக்கிறது, ராஜாவின் தோட்டம் இவ்வளவு பெரிதாக இருப்பது எல்லோரும் உலாவத்தானே என்று வாதாடினார். மக்கள் எதையும் கெடுப்பதில்லை என்று தோட்டக்காரர்களும் சொல்ல, கதவு திறந்தே இருந்தது. ஆனால் எல்லோருக்கும் இல்லை. பிச்சைக்காரர்கள், சீருடை போட்ட வேலைக்காரர்கள், சிப்பாய்கள் வரக்கூடாது. இந்தத் திறப்பைப் பெரிய புரட்சி என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் 1783 டிசம்பர் 1 அன்று பெருங்கூட்டம் அண்ணாந்து பார்க்க, மனிதர்கள் ஏறிய முதல் ஹைட்ரஜன் பலூன் இந்தத் தோட்டத்திலிருந்து கிளம்பியது. 1792-ல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் மாளிகையைத் தாக்கிய நாளில் தப்பியோடிய, ராஜாவின் சுவிஸ் காவலர்கள் பலர் இதே மரங்களுக்கிடையே கொல்லப்பட்டார்கள். 1871 மே மாதம் நகரைக் கைப்பற்றி ஆண்ட பாரிஸ் கம்யூன் புரட்சிக்காரர்கள் மாளிகைக்குத் தீ வைத்தார்கள். கருகி நின்ற சுவர்களையும் 1883-ல் இடித்தாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. மாளிகை மறைத்துக்கொண்டிருந்த ஒரு கோணல் அப்போதுதான் வெளிப்பட்டது. பின்னால் இருக்கும் லூவ்ர் அரண்மனை (இன்று அருங்காட்சியகம்), தோட்டத்தின் நடுக்கோட்டில் இல்லை, கொஞ்சம் விலகி நிற்கிறது. பிற்பாடு லூவ்ர் முற்றத்தில் வந்த கண்ணாடிப் பிரமிடும் கோட்டுக்கு வெளியேதான். அந்த வரிசைக்காகவே லூயியின் குதிரைச் சிலை ஒன்றைக் கோட்டின்மேல் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

ஜன்னல் இல்லை, ஜன்னலுக்காகப் போட்ட கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. இன்று யார் வந்து நின்றாலும் அது அவருக்கு வேலை செய்கிறது. வளைந்த பாதைகள்தான் இயற்கை, சுதந்திரம் என்பார்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் ஏரிகளும் ஆள் வைத்துத் தோண்டியவைதான், இயற்கை போலத் தெரிய மெனக்கெட்டிருக்கிறார்கள். மனிதன் கைவைத்த இடம் இது என்று ஒளிக்காமல் சொல்லும் தோட்டம் எனக்கு இப்போது பிடிக்கிறது. உள்ளே நுழைந்ததுமே மொத்த இடமும் கண்ணில் படுகிறது. வழி தெரிந்தவர், புதிதாக வந்தவர் என்ற வித்தியாசமே இல்லை.

குளங்களைச் சுற்றிப் பச்சை இரும்பு நாற்காலிகள் கிடக்கின்றன, யாரும் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். லெ நோத்ரின் அந்தப் புகழ்பெற்ற கோட்டுக்கு முதுகைக் காட்டி, வெயில் பக்கமாகத் திருப்பிப் போட்டு, குளத்தின் விளிம்பில் கால் நீட்டித் தூங்குகிறார்கள்.