மைனஸ் 31-ல் அம்மா வாசலில், பெல் தூக்கத்தில்

இன்று காலை மைனஸ் 31 டிகிரி. கனடாவின் எட்மன்டனில் ஜனவரி என்றால் அப்படித்தான். ஆனால் இந்த ஊர்க் கடையிலேயே வாங்கிய வீடியோ பெல்லுக்கு மட்டும் இந்தக் குளிர் ஆகாதாம்!

அம்மா குப்பைப் பையைப் போட வெளியே போனார். ஸ்வெட்டர், தலையில் சால்வை, காலில் என் செருப்பு. அரை நிமிட வேலைதானே. பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. சரி, பெல் இருக்கிறதே என்று அமுக்கியிருக்கிறார். சத்தமில்லை. மறுபடி அமுக்கியிருக்கிறார். பொத்தானைச் சுற்றி எரியும் விளக்குகூட எரியவில்லை. அப்புறம் கேமராவுக்கு நேரே முகத்தைக் காட்டி, "கதவைத் திறப்பா, குளிருது" என்று சொல்லியிருக்கிறார். அம்மா ஊரிலிருந்து வந்த அன்றே நான்தான், "வாசலில் யார் நின்றாலும் என் போனில் தெரியும்மா" என்று சொல்லி வைத்திருந்தேன். அதை நம்பி அந்தச் செத்த கேமராவிடம் பேசிக்கொண்டே நின்றிருக்கிறார். நான் பேஸ்மென்ட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில். கதவைத் தட்டியதும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் பார்த்து ஓடிவந்து, பேஸ்மென்ட் ஜன்னலை உதைக்காத குறையாகத் தட்டிய பிறகுதான் மேலே ஓடினேன். ஆறேழு நிமிடம் ஆகியிருக்கும். விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய், "எத்தனை தடவை அமுக்கினேன், உனக்குக் கேக்கவே இல்லையாப்பா?" என்கிறார். என்ன பதில் சொல்ல?

முந்தின இரவு ஆப்பில் சார்ஜ் 64 சதவீதம். பெல்லைக் கழற்றிச் சமையலறை மேடையில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் உயிர் வந்து 61 காட்டுகிறது! அப்படியென்றால் சார்ஜ் தீரவே இல்லை. குளிரில் லித்தியம் பேட்டரியின் உள்தடை, அதாவது மின்சாரம் வெளியே வரவிடாமல் பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை, ஏறிவிடும். கேமராவும் வைஃபையும் சேர்ந்து மின்சாரத்தை இழுத்ததும் வோல்டேஜ் சரிந்து, கருவி தானே அணைந்துவிடும். அம்மா அமுக்கிய நேரத்தில் அதுதான் நடந்திருக்கிறது.

கஸ்டமர் கேரில் சொல்கிறார்கள், "வயர் இணைப்பு கொடுத்தால் பிரச்சினை வராது." கொடுத்திருக்கிறேனே! 16 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிறது. ஆனால் இந்த மாடலில் வயர் செய்வது பேட்டரிக்குச் சொட்டுச் சொட்டாகச் சார்ஜ் ஏற்றும் வேலை மட்டும்தான். பூஜ்யத்துக்குக் கீழே லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் கெட்டுவிடும் என்பதால் அதையும் கருவியே நிறுத்திவிடுகிறது. வாரக்கணக்கில் பூஜ்யத்தை எட்டாத ஊரில் அந்த வயர் எதற்கு?

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "எல்லாப் பருவத்துக்கும்". உள்ளே மடித்த தாளில் எறும்பு எழுத்தில் மைனஸ் 20 வரை. அந்த மைனஸ் 20-ஐப் பெட்டியின் மேல் போட்டிருந்தால் நான் வாங்கியே இருக்க மாட்டேன்.

பேட்டரி உயிரோடு இருக்கும் நாளிலும் உருப்படியாக எதுவும் தெரிவதில்லை. டிசம்பரில் சாயங்காலம் நாலேகாலுக்கே இருட்டிவிடும். பனி பெய்தால் இரவுக் கேமராவின் ஒளி பனித்துகளில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். கேமராவை எழுப்புவது உடல் வெப்பத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் சென்சார். கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு வருகிற மனிதரிடம் எந்த வெப்பத்தைப் பார்க்கும்? அவர் பார்சலை வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் விழித்துக்கொள்கிறது. இந்தக் குளிர்காலம் முழுக்க நான் பார்த்ததெல்லாம் முதுகுகள்தான்.

இந்த வீட்டில் முன்பு டிங் டாங் என்று அடிக்கும் பழைய மணி ஒன்று இருந்தது. பேட்டரி கிடையாது, ஆப் கிடையாது. நான்தான் கழற்றினேன். இன்று கராஜில் தேடி எடுத்துவிட்டேன். மாட்டலாம் என்று வாசலுக்குப் போனால், நேற்று முக்கால் மணி நேரம் இடுப்பு ஒடிய நான் பனி தள்ளிய இடத்தில், தெருவைச் சுத்தம் செய்த வண்டி குறுக்கே முழங்கால் உயரத்துக்குக் கட்டிகட்டியாகக் குவித்துவிட்டுப் போயிருக்கிறது. இரண்டடி தள்ளிக் குவிக்கக் கூடாதா ஐயா?