டிலே பாக்ஸ் இல்லாத வகுப்பைக் காப்பாற்றுங்கள்

அமெரிக்காவின் உள்ளூர் டிராக் ஸ்ட்ரிப்களில் (நேர்கோட்டு ரேஸ் தடங்களில்) இரண்டு இரண்டு கார்களாக நடக்கும் பிராக்கெட் ரேஸ், வேகமில்லாத காரும் ஜெயிக்க வழியுள்ள போட்டி. கால் மைலை, அதாவது 402 மீட்டரை, எத்தனை நொடியில் ஓடுவேன் என்று ஓட்டுபவரே கண்ணாடியில் எழுதுகிறார். அதுதான் டயல்-இன். 12.50 எழுதியவருக்கு, 10.50 எழுதியவரைவிட இரண்டு நொடி முன்னதாகப் பச்சை விழும். எழுதியதைவிட வேகமாக ஓடினால் பிரேக்அவுட், அதாவது தோல்வி. இருவருமே அப்படி ஓடினால், குறைவாக மீறியவருக்கு வெற்றி.

வேகத்துக்கு மதிப்பில்லாத இந்தப் போட்டியிலும் செலவு ஏறிக்கொண்டே போகிறது. ஏன்? பெட்ரோல், டயர் விலையெல்லாம் உண்மைதான். ஆனால் நான் முதலில் கைகாட்டுவது டிலே பாக்ஸை, கிளம்பும் நேரத்தை ஓட்டுபவருக்காக எண்ணும் மின்னணுப் பெட்டியை.

கிளம்பும் கோட்டில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை நொடி இடைவெளியில் எரியும்; அடுத்த அரை நொடியில் பச்சை. பாக்ஸ் இல்லாதவர் பிரேக்கை மிதித்தபடி காத்திருந்து மூன்றாவது மஞ்சளுக்குக் கிளம்ப வேண்டும். பாக்ஸ் வைத்தவர் முதல் மஞ்சளைக் கண்டதும் பட்டனை விட்டால் போதும், மீதி நேரத்தைப் பெட்டியே எண்ணி, காரைக் கோட்டில் பிடித்துவைக்கும் கியர்பாக்ஸ் பிரேக்கான டிரான்ஸ்பிரேக்கை விடுவிக்கும். செலவு பெட்டியோடு நிற்பதில்லை. டிரான்ஸ்பிரேக் உள்ள, பவர்கிளைடு போன்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேண்டும், அதற்கேற்ற டார்க் கன்வெர்ட்டர் வேண்டும். அந்த உதையில் சாதாரண பின் ஆக்சில் முறியும், அதையும் மாற்ற வேண்டும். இப்போது காரைச் சாலையில் ஓட்டிவர முடியாது. டிரெய்லர், அதை இழுக்க டிரக். ஓட்டிவந்த காரிலேயே பந்தயம் ஓடிவிட்டு வீடு திரும்பிய பழக்கம் இப்படித்தான் தேய்கிறது.

பாதுகாப்புச் செலவை இதோடு சேர்த்துப் புலம்பாதீர்கள். 9.99 நொடிக்குள் ஓடும் காருக்குச் சேஸிஸ் சான்றிதழும், இரண்டாண்டுக்கு ஒருமுறை புது பெல்ட்டும் உயிருக்கான விலை.

புதிதாக வருபவர் 13 நொடி காரோடு, பாக்ஸ் இல்லாத ஃபுட்பிரேக் வகுப்பில் இறங்கட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் ஸ்லிக் டயரின் (வரிப்பள்ளம் இல்லாத ரேஸ் டயரின்) காற்றை ஒரே கேஜில் பாருங்கள், அரை பிஎஸ்ஐ மாறினாலும் சரிசெய்யுங்கள். பர்ன்அவுட் (கிளம்புமுன் டயரைச் சுழற்றிச் சூடாக்கும்) நேரம், டாங்கில் எரிபொருள் அளவு, கோட்டுக்கு வரும்போது இன்ஜின் சூடு மூன்றும் மாறக் கூடாது. ஆல்டர்னேட்டர் கழற்றிய காரென்றால் சுற்றுக்குச் சுற்று பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள். வோல்டேஜ் இறங்கினால் ஃபியூயல் பம்ப்பும் இக்னிஷனும் முன்போல் வேலை செய்யாது. முதல் 60 அடி நேரத்தைக் குறித்துவையுங்கள். அங்கே நூறில் ஒரு பங்கு நொடி பிசகினால், முடிவில் அதைவிடக் கூடுதலாகப் பிசகும். அது சீராக இருந்தும் மொத்த நேரம் கூடினால் வெயிலைப் பாருங்கள்: சூடும் ஈரமும் ஏறிய காற்றில் ஆக்சிஜன் குறைவு. மதியச் சுற்றில் காலை டயல்-இன்னை அப்படியே எழுதித் தோற்பவர்கள் ஏராளம். இவற்றுக்கெல்லாம் ஒரு கேஜும் ஒரு நோட்டும் போதும்.

ஸ்ட்ரிப் நடத்துபவர்களிடம் கேட்பது இதுதான். பாக்ஸ் உள்ள வகுப்பு, இல்லாத வகுப்பு இரண்டின் வெற்றியாளர்களையும் கடைசிச் சுற்றில் மோதவிடாதீர்கள். பாக்ஸ் இல்லாதவர்களுக்குத் தனி நுழைவுக் கட்டணம், தனிப் பரிசு வையுங்கள், தொகை சிறிதானாலும் சரி. தோற்றவர் மறுபடி பணம் கட்டி நுழையும் பை-பேக்கை அந்த வகுப்பில் எடுத்துவிடுங்கள். பணமுள்ளவருக்கு இரண்டாவது வாய்ப்பைத் தருவது அதுதான்.