விட்டுக்கொடுத்தவர்கள் எல்லோரும் காட்டிக்கொடுத்தவர்களா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசிகசாலை மண்டபத்தில் நடந்ததை நான் திரும்ப விவரிக்கப் போவதில்லை. அந்த நாற்பது வினாடிக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பலர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்த ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலிவாங்கி பறிக்கப்பட்டதும், பின்வரிசையிலிருந்து "துரோகி" என்று கத்தியதும், அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு மேடையின் பக்கப் படியால் இறங்கிப் போனதும் அதில் இருக்கின்றன. அதற்கு முன் அவர் பேசியது அதில் இல்லை. நான் இரண்டாவது வரிசையில் இருந்து முழுவதையும் கேட்டேன். இலங்கை அரசியலமைப்பில் மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தம் எமது பிரச்சினைக்குத் தீர்வு அல்ல என்றுதான் அவர் பேச்சையே தொடங்கினார். ஆனாலும் அதன் கீழ் நடத்த வேண்டிய மாகாண சபைத் தேர்தலை எல்லாக் கட்சிகளும் சேர்ந்து கேட்போம், இருப்பதைக் கையில் எடுத்துக்கொண்டு இல்லாததற்குப் போராடுவோம் என்றார். இதற்காகத்தான் அந்தப் பட்டம் அவருக்குச் சூட்டப்பட்டது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கொள்கையைக் கைவிடுவது வேறு. கொள்கையை நோக்கி ஓரடியாவது நகர்வதற்காக எதிர்த்தரப்புடன் ஓர் உடன்பாட்டுக்கு வருவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும் அரசியல் எமது மண்ணில் நெடுங்காலமாக நடக்கிறது. அது மேடையில் கைதட்டல் வாங்கித் தந்திருக்கிறது, ஆட்களைப் பலி எடுத்திருக்கிறது. மக்களுக்கு எதைப் பெற்றுத் தந்தது என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை.

1957 ஜூலை 26ஆம் திகதி தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் பிரதமர் பண்டாரநாயக்கவுடன் ஒப்பந்தம் கைச்சாத்திட்டபோது சமஷ்டிக் (கூட்டாட்சிக்) கோரிக்கையை அவர் எரித்துவிடவில்லை. இது ஓர் இடைக்கால ஏற்பாடு என்று வெளிப்படையாகவே சொன்னார். பிராந்திய சபைகள், அவற்றுக்கு விவசாயம், கல்வி, சுகாதாரம், கடற்றொழில், வீதிகள் போன்ற துறைகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடியேற்றத் திட்டங்களில் யாருக்குக் காணி கொடுப்பது என்று தெரிவுசெய்யும் அதிகாரம் ஆகியவை அந்த ஒப்பந்தத்தில் இருந்தன. கிழக்கில் பின்னர் குடியேற்றங்களால் என்ன நடந்தது என்பதை அறிந்தவர்கள் அந்தக் கடைசி அதிகாரத்தின் பெறுமதியை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். அன்றும் இது போதாது, இது சரணாகதி என்று பேசியவர்கள் தமிழர் மத்தியில் இருந்தார்கள். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, அந்த அதிகாரத்தில் பாதியையாவது தாருங்கள் என்று மனுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறோம்.

"அந்த ஒப்பந்தத்தையே கிழித்தெறிந்தார்களே, அப்படியானால் விட்டுக்கொடுப்பால் என்ன பயன்?" என்று உடனே கேட்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஞாயிறன்றும் அதைத்தான் கேட்டார்கள். யார் கிழித்தார்கள், ஏன் கிழித்தார்கள் என்று பாருங்கள். ஒப்பந்தம் கைச்சாத்தாகிச் சில மாதங்களுக்குள் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜயவர்தன அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டார். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் முன் வந்து அமர்ந்தார்கள். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. சிங்கள மக்களை விற்றுவிட்டார் என்பதுதான் பண்டாரநாயக்கமீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. அங்கே அவர் துரோகி, இங்கே செல்வநாயகம் துரோகி. ஒப்பந்தத்தைக் கொன்றது அந்தப் பக்கத்தின் விட்டுக்கொடாமை. அதைக் காட்டி, நாமும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முடிவெடுப்பது, அந்த நடைபயணம் போனவர்களின் பாடத்தை நாமே எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதாகும். 1965இல் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்கவுடன் செய்த உடன்பாட்டுக்கும் இதே கதிதான். தமிழரசுக் கட்சி அரசில் சேர்ந்தது, மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார், மாவட்ட சபைகள் வரவேயில்லை, 1968இல் வெளியேறினார்கள். ஏமாற்றப்பட்டோம் என்பதை நான் மறுக்கவில்லை. ஏமாற்றியவனைவிட ஏமாந்தவனைக் கேவலமாகப் பேசுவதைத்தான் மறுக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டும். நான் பல ஆண்டுகளாக எங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபையில் இருக்கிறேன். தீர்ப்பு வழங்கும் அதிகாரம் எமக்கு இல்லை. இரு தரப்பும் இணங்கினால் எழுதிக் கையொப்பம் வாங்குவோம்; இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று சான்றிதழ் கொடுப்போம், அவர்கள் நீதிமன்றம் போவார்கள். அங்கே ஒரு பங்குக் கிணற்று வழக்கு வந்தது. அண்ணன் தம்பி பிள்ளைகள். வெங்காயத்துக்கு இறைக்கும் முறையில் தொடங்கிய சண்டை, துலாக்கால் இருந்த காலத்துக் காணி உறுதியை எடுத்து, பங்கு எட்டில் ஒன்றா பத்தில் ஒன்றா என்பது வரை போயிருந்தது. மூத்தவர் உறுதியைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் வருவார். பங்கு பற்றிய கேள்வியை அப்படியே வைத்துவிட்டு, இந்தப் போகத்துக்கு மோட்டர் யார் எத்தனை மணிக்குப் போடுவது என்பதை மட்டும் பேசுவோமா என்று கேட்டோம். உறுதியை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று இதில் எங்கும் எழுதவில்லை என்பதை அவருக்கு மூன்று முறை வாசித்துக் காட்டிய பிறகு கையொப்பம் வைத்தார். பயிர் தப்பியது. பங்கு வழக்கு இன்னும் தீரவில்லை. இரு வீட்டாரும் தத்தம் உரிமையை இன்றும் விடவில்லை. அவரை யாரும் தன் உறுதியை விற்றவர் என்று சொல்லவில்லை. ஒரு கிணற்றில் எமக்கு விளங்குவது ஓர் அரசியல் தீர்வில் ஏன் விளங்காமல் போகிறது?

வட மாகாண சபைக்கு வருவோம். 2013 செப்டெம்பரில் 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு இந்த மக்கள் வாரிக் கொடுத்தார்கள். 13 போதாது என்று அந்த மக்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே வரிசையில் நின்று வாக்களித்தார்கள். 2018 ஒக்ரோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள், அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது, பழைய முறையும் இல்லை புதிய முறையும் இல்லை என்று தேர்தல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்தான் மாகாணத்தை நடத்துகிறார். மாகாணப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை என்று பெற்றோர் முறையிடவும், கிராமத்து வைத்தியசாலைக்கு வைத்தியர் கேட்கவும், மக்கள் வாக்கில் வந்த ஒரு மாகாண அமைச்சரின் கதவு இல்லை. இதை அதிபர் சொன்னபோதுதான் ஒலிவாங்கி பறிக்கப்பட்டது. காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் தராத சபை எதற்கு என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்த இரண்டும் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தும் தரப்படாமல் இருக்கின்றன. எழுதியதைத் தா என்று கேட்பதற்குத் தெரிவுசெய்யப்பட்ட சபை ஒன்று இருப்பது நல்லதா, ஒருவரும் இல்லாமல் இருப்பது நல்லதா?

2015இலிருந்து கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தர் ஐயா, மைத்திரி–ரணில் நல்லாட்சி அரசை நம்பிக் கெட்டார் என்பது அடுத்த வாதம். புதிய அரசியலமைப்பு வரவில்லை, உண்மை. ஆனால் அதைக் குழப்பியது அவருடைய மிதவாதம் அல்ல.

இன்னொன்றும் சொல்கிறார்கள்: இந்தக் காலத்தில் மிதவாதிக்கு இடமில்லை, உலகம் முழுவதும் உரத்துப் பேசுபவன்தான் வெல்கிறான் என்று. இருக்கலாம். 2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைக் கொழும்புக் கட்சி ஒன்று எடுத்துக்கொண்டு போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். எங்கள் கட்சிகள் ஒன்றையொன்று துரோகி என்று ஏசிக்கொண்டிருந்த பருவத்தில்தான் அது நடந்தது. உரத்துப் பேசியும் தோற்றோம் என்பதை யாராவது எண்ணிப் பார்த்தீர்களா?

இதற்குமேல் அமைதியாக எழுத என்னால் முடியவில்லை. ஏனென்றால் அந்தச் சொல் எமது மண்ணில் வெறும் ஏச்சு அல்ல. 1989 ஜூலை 13ஆம் திகதி தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர்கள் அமிர்தலிங்கத்தையும் யோகேஸ்வரனையும் கொழும்பில் வீட்டில் வைத்துச் சுட்டவர்கள் பேசுவதற்கென்று வந்த விடுதலைப் புலிகள். யோகேஸ்வரனின் மனைவி சரோஜினி யாழ்ப்பாண மேயராக வந்தார். 1998இல் அவரையும் கொன்றார்கள். அவருக்குப் பின் மேயரான சிவபாலனையும் அதே ஆண்டில் கொன்றார்கள். 1999 ஜூலை 29ஆம் திகதி நீலன் திருச்செல்வம் கொழும்பில் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். ஒற்றையாட்சி என்ற சொல்லை அகற்றி, பிராந்தியங்களின் ஒன்றியமாக நாட்டை மாற்றும் யோசனைகளை எழுதுவதில் பங்கெடுத்தவர் அவர். அந்த முயற்சியிலிருந்து வந்த வரைவை 2000 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்குள்ளேயே எதிர்க்கட்சியினர் தீ வைத்து எரித்தார்கள். எழுதியவரை நாங்கள் கொன்றோம், எழுதியதை அவர்கள் எரித்தார்கள். இந்த இரண்டு செயல்களையும் ஒரே மூச்சில் சொல்வதற்காக என்னை ஏசுபவர்கள், அவற்றில் எந்த ஒன்றால் தமிழருக்கு நன்மை விளைந்தது என்று சொல்லட்டும்.

மறுபக்கம் கொன்றதைச் சொல்லமாட்டாயா என்பீர்கள். சொல்கிறேன். கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் ஆராதனையில் தேவாலயத்துக்குள் சுடப்பட்டார். சிங்களத் தொலைக்காட்சிகளில் அவர்கள் மொழியிலேயே எமது நியாயத்தைப் பேசிய கூட்டமைப்பு உறுப்பினர் ரவிராஜ் 2006 நவம்பரில் கொழும்பில் கொல்லப்பட்டார். வழக்கில் நிறுத்தப்பட்டவர்களை 2016இல் விடுதலை செய்தார்கள். பேசக்கூடியவர்களைக் கண்டு இருபக்கமும் பயந்திருக்கிறது. அவர்களைக் கொல்வது இருபக்கத்துக்கும் தேவையாக இருந்திருக்கிறது. அப்படியானால் அவர்கள் பலவீனமானவர்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

"நீ அரசாங்கத்தின் ஆள்" என்று ஒரு தம்பி என் பதிவின் கீழ் எழுதியிருக்கிறார். லண்டனிலோ ரொறொன்ரோவிலோ இருப்பவராகத் தெரிகிறது. தம்பி, என் கூடப்பிறந்தவன் 2009 மே மாதத்துக்குப் பிறகு வீடு திரும்பவில்லை. அம்மா அவனுடைய அடையாள அட்டைப் பிரதியையும் பாடசாலைப் படத்தையும் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு விசாரணை மேசை ஒவ்வொன்றுக்கும் போனார். ஒரு பதிலும் கிடைக்காமலேயே கண்மூடினார். இந்த அரசுமீது எனக்கு இருக்கும் கோபத்தை நீங்கள் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தக் கோபத்தோடுதான், இனி எவருடைய பிள்ளையும் அப்படிப் போகக்கூடாது என்பதற்காகத்தான், பேசுபவர்களைப் பேசவிடுங்கள் என்று கெஞ்சுகிறேன். நீங்கள் வாழும் நாட்டில் உங்கள் நகரசபை உறுப்பினர் வேறு கட்சிக்காரருடன் பேசி உங்கள் வீதிக்கு விளக்குப் போடுவித்தால் அவரைப் பாராட்டுவீர்கள். இங்கே எமது பிரதேச சபை உறுப்பினர் அதையே செய்தால் அவருடைய படத்தில் சிவப்புக் கோடு போட்டுப் பகிர்கிறீர்கள்.

இதைப் படித்துவிட்டு என்னை நட்பிலிருந்து நீக்க விரும்புபவர்கள் நீக்கிக்கொள்ளலாம். விவாதிக்க விரும்புபவர்கள் 13ஆவது திருத்தத்தையும் 2000ஆம் ஆண்டு வரைவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாருங்கள். எந்தப் பிரிவு போதாது, அதை யாரிடம், எந்த வழியில், யாரைச் சேர்த்துக்கொண்டு பெறுவது என்று ஒவ்வொன்றாகப் பேசுவோம். இரவு முழுவதும் இருந்தாலும் பதில் எழுதுவேன். காணொளியை வெட்டிப் போட்டவர்கள் முழுப் பேச்சையும் இன்றைக்குள் பதிவேற்ற வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.