ஜுன்கோ தபெய் எவரெஸ்டில் உறைந்து இறக்கவில்லை

"எவரெஸ்ட் ஏறிய முதல் பெண், இறங்கும்போது பனியில் உறைந்து இறந்தார்." ஞாயிறுதோறும் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு நடந்து ஏறும் எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் இந்த வாரம் மட்டும் மூன்று முறை இந்தச் செய்தி வந்துவிட்டது. இது தவறு.

அந்த முதல் பெண், ஜப்பானின் ஜுன்கோ தபெய், 1975 மே 16 அன்று உச்சியைத் தொட்டுவிட்டுப் பத்திரமாக இறங்கினார். அதன்பிறகு 41 ஆண்டுகள் வாழ்ந்தார். 2016 அக்டோபர் 20 அன்று, 77 வயதில், புற்றுநோயால் ஜப்பானில் காலமானார். எவரெஸ்டில் உயிரிழந்த முதல் பெண் ஜெர்மனியின் ஹன்னலோரே ஷ்மாட்ஸ், 1979-இல். 'முதல் பெண்' என்பதை வைத்து இருவரையும் யாரோ குழப்பியிருக்க வேண்டும்.

தபெயையும் பனி விட்டுவைக்கவில்லைதான். உச்சி தொடுவதற்கு 12 நாள் முன்பு, பனிச்சரிவு கூடாரத்தோடு அவரை மூடியது. சுமார் ஆறு நிமிடம் நினைவில்லை. உடன் வந்த ஷெர்பாக்கள்தான் (இமயமலைவாசிகளான மலையேற்ற உதவியாளர்கள்) வெளியே எடுத்தார்கள். உடம்பு தேறியதும் மறுபடி ஏறினார். ஆளும் ஐந்தடி உயரம்தான். பணம் போதாமல், பழைய கார் சீட் உறைகளை வெட்டிக் கையுறை தைத்துக்கொண்ட அணி அவருடையது.

கடைசி வரை மலையை விடவில்லை. இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, நோயோடு, 2011 நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்ட பகுதி மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஃபூஜி மலையில் ஏறினார். ஏற்காட்டுப் பாதையின் இருபதாவது கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்க உட்காரும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான். அவர் சாவைப் பற்றி இப்படிப் பொய் பரவுவது மனதை உறுத்துகிறது. அனுப்பியவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.