சார்ஜருக்குச் சொன்னது விளம்பரக்காரருக்கு எதற்கு?

அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. காலையில் அவரை உள்ளே அனுப்பிவிட்டு, மருத்துவமனை பேஸ்மென்டில் இருக்கும் மெதுவான சார்ஜரில் காரைப் போட்டுவிட்டு மேலே வந்து உட்கார்ந்தால் நாலு மணி நேரம். போன மாதச் செலவைப் பார்க்கலாம் என்று சார்ஜிங் ஆப்பில் பழைய பில்களைத் திறந்தேன். செவ்வாய் காலை 6.41. வியாழன் 6.38. சனி 6.44. ஒவ்வொன்றும் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். விரலால் தள்ளத் தள்ள அதே மூன்று கிழமை, அதே இடம், கீழே போய்க்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கோ சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க அந்தப் பட்டியல் போதும். மருத்துவ ரிப்போர்ட் எதுவும் தேவையில்லை.

சார்ஜரில் திரை வைத்து விளம்பரம் ஓட்டுவதும், வந்து நிற்கும் வண்டி எது என்று பார்த்து அதற்கேற்ற விளம்பரத்தைக் காட்டுவதும் நல்ல வியாபாரம் என்று பலரும் பேசுகிறார்கள். பொதுவான விளம்பரத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ரோட்டோரப் பேனர் மாதிரி எல்லோருக்கும் ஒன்றையே காட்டட்டும். ஆனால் சார்ஜ் ஏற்றுவதற்காக என் கார் சொல்லும் விவரத்தை வைத்து என்னை எடைபோட்டு விளம்பரம் காட்டுவது தவறு. அதை அனுமதிக்கவே கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சார்ஜிங் கேபிள் முனையில் இருக்கும் கன்னைக் காரில் சொருகியதும் என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. போன வாரம் விழுப்புரம் போகும் வழியில் ஜிஎஸ்டி ரோட்டில் ஓர் ஓட்டல் வாசலில் ஃபாஸ்ட் சார்ஜரில் நிறுத்தினேன். கன்னைத் தள்ளியதும் உள்ளே 'டக்' என்று பூட்டிக்கொண்டது. சில நொடி அமைதி. அப்புறம் மின்விசிறி இரைச்சலோடு கரண்ட் ஏற ஆரம்பித்தது. அந்தச் சில நொடியில்தான் காரும் சார்ஜரும் பேசிக்கொள்கின்றன. நம் ஊர் கார்கள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும் சிசிஎஸ்2 என்ற வகை கன்னில், கரண்ட் போகும் தடித்த இரண்டு முனைகளுக்கு மேலே சின்னச் சின்ன முனைகள் இருக்கும். அதில் ஒன்று வழியாக இந்தப் பேச்சு போகிறது. கார் முதலில் தன் தகவல் தொடர்புக் கருவியின் மேக் அட்ரஸைச் சொல்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் தனியாகக் கொடுக்கப்படும், ஆறு பைட் நீளமுள்ள அடையாள எண் அது. முதல் மூன்று பைட்டைப் பார்த்தாலே அந்தக் கருவி எந்தக் கம்பெனிக்காரருடையது என்று தேடிவிடலாம். அடுத்து, அதிகபட்சம் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் தாங்கும், பேட்டரி இப்போது எத்தனை சதவீதம் என்று வரிசையாகச் சொல்கிறது.

இது எதுவும் வேவு பார்க்க உண்டானதல்ல. வோல்ட் தெரியாமல் கரண்டை விட்டால் பேட்டரி கெட்டுப்போகும். டாக்டரிடம் உடம்பைப் பற்றி மறைக்காமல் சொல்வது மாதிரி, கார் சார்ஜரிடம் மறைக்காமல் சொல்கிறது.

அதையே ஒரு விளம்பரக்காரரின் கண்ணால் பாருங்கள். ஹூண்டாய் ஐயோனிக் 5 மாதிரி 800 வோல்ட் அமைப்புள்ள கார் என்றால், 2023ல் இந்தியாவில் அறிமுகமான போதே அதன் விலை 45 லட்சத்தை ஒட்டி இருந்தது. சின்னக் குடும்பக் கார்கள் அதில் பாதி வோல்ட்டைக்கூட எட்டாது. அதாவது பெயர் கேட்காமலே பர்ஸின் கனத்தை வோல்ட் சொல்லிவிடுகிறது. சதவீதம் அதைவிட மோசம். 60 சதவீதத்தில் வந்தவர் பிடிக்கவில்லை என்றால் கன்னைக் கழற்றிவிட்டுக் கிளம்பலாம். 9 சதவீதத்தில் வந்தவரால் நகர முடியாது. யார் எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்று அந்த எண் சொல்கிறது. விளம்பரத் தொழிலில் இதைவிட விலை உயர்ந்த தகவல் வேறு என்ன இருக்க முடியும்?

ஐரோப்பாவில் ஃபாஸ்ட்நெட் போன்ற சார்ஜிங் கம்பெனிகளிடம் 'ஆட்டோசார்ஜ்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒருமுறை பதிவு செய்தால் போதும். அடுத்த முறை கன்னைச் சொருகியதும் மேக் அட்ரஸை வைத்துக் காரை அடையாளம் கண்டு, பில்லையும் தானே போட்டுவிடும். எனக்கு இந்த வசதி பிடிக்கும். மழையில் நனைந்துகொண்டு ஓடிபி வருகிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் அதே எண்தான் ஊர் ஊராக ஒரு காரைத் தொடரவும் உதவும். தொடர நினைப்பவர் சார்ஜிங் கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2019ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சார்ஜிங் கேபிளே ஆன்டெனா மாதிரி இந்தப் பேச்சைக் காற்றில் கசியவிடுகிறது, பக்கத்தில் இருந்தே அதைப் பிடித்துப் படிக்க முடிகிறது என்று காட்டினார்கள். வேறு யாரும் படிக்க முடியாதபடி மாற்றும் மறைகுறியீடும் பெரும்பாலும் அந்தப் பேச்சுக்குக் கிடையாது.

மெதுவான சார்ஜரில் கார் பெரும்பாலும் இப்படிப் பெயர் சொல்வதில்லை. அங்கே நம்மைக் காட்டிக்கொடுப்பது ஆப். என் டயாலிசிஸ் பட்டியல் வந்தது அப்படித்தான்.

இதற்கு முன்பு இப்படி நடந்ததில்லையா? நடந்திருக்கிறது. 2009ல் லண்டனில் காஸ்ட்ரால் ஆயில் விளம்பரப் பலகைகள், எதிரே வரும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைக் கேமராவில் படித்து, அந்த வண்டிக்கு எந்த ஆயில் சரி என்று காட்டின. எதிர்ப்பு வந்ததும் நிறுத்தினார்கள். 2013ல் அதே லண்டனில், தெருவில் வைத்த திரையுள்ள குப்பைத் தொட்டிகள் நடந்துபோகிறவர்களின் போன் மேக் அட்ரஸைச் சேகரித்தன. யார் எந்தப் பக்கம் எத்தனை முறை போகிறார்கள் என்று கணக்கெடுத்து விளம்பரம் விற்கும் திட்டம் அது. விஷயம் வெளியே வந்ததும் நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. அடுத்த ஆண்டே ஆப்பிள் ஐஓஎஸ் 8ல், வைஃபை தேடும்போது போன் தன் உண்மையான எண்ணுக்குப் பதில் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லும்படி மாற்றியது. பிறகு ஆண்ட்ராய்டிலும் வந்தது. போனுக்கு அப்படி ஒரு வழி பிறந்தது. ஆனால் எண் மாறினால் ஆட்டோசார்ஜ் வேலை செய்யாது. அதனால் காரின் எண் மாறாமலே இருக்க வேண்டியிருக்கிறது. இதில், காரும் சார்ஜரும் பேசிக்கொள்வதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15118ன் 'பிளக் அண்ட் சார்ஜ்' முறை மேல். அது டிஜிட்டல் சான்றிதழை வைத்துக் காரைச் சரிபார்க்கிறது, பேச்சையும் மறைகுறியீட்டில் நடத்துகிறது. ஆனால் அங்கேயும் சார்ஜிங் கம்பெனிக்கு நாம் யார் என்று தெரியும். ஆக, தொழில்நுட்பம் மட்டும் நம்மைக் காப்பாற்றாது.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. கம்பெனிகளின் முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம். அந்தச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் தொலைமருத்துவ ஆப் ஒன்றைப் போடுகிறார். ஆப், வைத்தியத்துக்கும் சம்மதம் கேட்கிறது, போனில் உள்ள தொடர்பு எண்களுக்கும் சம்மதம் கேட்கிறது. அவர் இரண்டுக்கும் சரி சொல்லிவிட்டாலும், வைத்தியத்துக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் வைத்தியத்தோடு நின்றுவிடும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வைத்தியம் இருக்கும் இடத்தில் சார்ஜிங்கை வைத்துப் படியுங்கள். பேட்டரிக்காகச் சொன்ன சதவீதம் ஷாம்பு விற்கத் தேவையா? குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் காட்டக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நெடுஞ்சாலை சார்ஜரில் அரை மணி நேரம் நிற்கும் காரின் பின்சீட்டில் இருப்பது பெரும்பாலும் யார்?

விளம்பர வருமானம் இல்லையென்றால் சார்ஜர்களே வராது என்று நண்பர் ஒருவர் வாதாடினார். அமெரிக்காவில் வோல்டா கம்பெனி அதைத்தான் செய்து பார்த்தது. கடை வாசலில் 55 அங்குலத் திரையோடு சார்ஜரை வைத்து, விளம்பரக் காசில் இலவசமாகக் கரண்ட் கொடுத்தது. 2010ல் ஹவாயில் தொடங்கியது, பங்குச் சந்தை வரை போய், பணம் தீர்ந்த நிலையில் 2023ல் ஷெல் கைக்கு சுமார் 16.9 கோடி டாலருக்குப் போனது. இலவசக் கரண்ட் எனக்கு வேண்டாம். யூனிட்டுக்கு ரெண்டு ரூபாய் கூடக் கொடுக்கிறேன். பில் போடத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை கன்னைக் கழற்றியதும் அழித்துவிடுங்கள்.

அந்த விழுப்புரம் ரோட்டு சார்ஜரில் எனக்குப் பக்கத்தில் ஒரு கேப் நின்றது. பச்சை பிளேட்டில் மஞ்சள் எழுத்து. டிரைவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு முறை, சில நாள் மூன்று முறை சார்ஜ் போடுவாராம். "எங்க போட்டாலும் ஆப் கேக்குதுக்கா, எல்லாத்துக்கும் ஓகே கொடுத்துருவேன், சவாரி போயிரும்ல" என்றார். என்னால் வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ள முடியும். அவருக்கு அந்த வழியும் கிடையாது. எத்தனை மணிக்கு எந்த ஊரில் எத்தனை சதவீதத்தோடு நின்றார் என்ற கணக்கு அவருடைய பிழைப்பின் கணக்கு. எந்த வாரம் சவாரி குறைந்தது, எப்போது கடன் தேவைப்படும் என்று அதில் தெரியும்.

அவருடைய போனை வாங்கி அந்த ஆப்பின் செட்டிங்ஸில் தேடினோம். மூன்றாவது பக்கத்தில், 'எங்கள் கூட்டாளிகளின் சலுகைகளுக்காக' என்று ஒரு பட்டன். அவர் தொட்டதே இல்லை, ஆனால் ஆன் ஆகியிருந்தது. அவருடையதை அணைத்துவிட்டு என்னுடையதைத் திறந்தேன். அதுவும் ஆன். அதையும் அணைத்தேன். அதற்குள் அவருடைய வண்டி 80ஐத் தொட்டிருந்தது. "வரேன்க்கா" என்று கன்னைக் கழற்றி மாட்டிவிட்டுக் கிளம்பினார்.