இருக்கும்போதே பெயர் வைத்தால் என்ன?
போரில் உயிர்நீத்தவர் பெயரைத்தான் பூங்காவுக்கு வைக்க வேண்டும், உயிரோடு திரும்பி நம்மோடு நடமாடுகிற முன்னாள் ராணுவ வீரர் பெயரை வைப்பது முறையல்ல என்று கட்டுரையில் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2023 ஜனவரியில் அந்தமானில் 21 தீவுகளுக்குப் போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயர்களை வைத்தார்களே, அதில் பானா சிங், யோகேந்திர சிங் யாதவ், சஞ்சய் குமார் மூன்று பேரும் அப்போது உயிரோடு இருந்தவர்கள்தான். அதிலும் பானா சிங் 1987-ல் சியாச்சினில் கைப்பற்றிய ராணுவ நிலைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். என் பெரியப்பா 1971 போரில் இருந்தவர், அதைப் பற்றி வீட்டில் வாயே திறந்ததில்லை, அவர் போன பிறகுதான் டிரங்குப் பெட்டியில் பதக்கங்களைப் பார்த்தோம், அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது? உயிரோடு இருக்கும்போதே பெயர் வைத்தால் அங்கே விளையாட வரும் பிள்ளைகள் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர், எல்லாம் வெறும் பெயர்ப்பலகையோடு முடிந்துவிடும் என்று எழுதியிருக்கிறார், சரிதான், அதனால்தான் எந்தப் படைப்பிரிவு, எந்தப் போர், எந்த ஆண்டு என்று நாலு வரி பலகையிலேயே இருக்க வேண்டும் என்கிறேன், அதற்கு முன்னால் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும், சிலருக்கு இதெல்லாம் கூச்சமாக இருக்கும்.