அந்தப் பிள்ளை வாசித்ததை யார் கேட்டது?

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் அந்த வீடியோ வந்துவிட்டது, கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகளோடு. எந்த வீடியோ என்று நான் சொல்லத் தேவையில்லை. எல்லாரும் பார்த்தீர்கள், பாதிப் பேர் ஷெயாரும் பண்ணினீர்கள். நான் அதை இங்கே போட மாட்டேன். இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் எடுத்தது. தோட்டத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன். கமெண்டில் யாராவது சொன்னால் அழித்துவிடுவேன்.

கொப்பி கொடுக்க வந்த ஒரு பெரிய மனிதர், தரம் மூன்று பிள்ளை ஒன்றை எழுப்பி, கையிலிருந்த பத்திரிகையை நீட்டி, முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு "வாசி" என்கிறார். பிள்ளை தடுமாறுகிறது. உடனே போன் அவர் பக்கம் திரும்புகிறது. "பாருங்கள் மக்களே, இதுதான் மலையகத்துக் கல்வி." பின்னால் சோக இசை வேறு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பிள்ளை வாசித்ததை அங்கே யாராவது கேட்டார்களா?

ஆமாம், அது வாசித்தது. போனைக் காதோடு வைத்து, அந்த இசைக்கு அடியில் அதன் குரலைத் தேடிக் கேட்டேன். தலைப்பின் முதல் சொல் "அமைச்சரவையின்". எட்டு எழுத்து, அதில் இரண்டு ஐகாரம். எழுத்துக் கூட்டி, நடுவில் மூச்சு வாங்கி, சரியாகவே சொல்லி முடித்தது. நின்றது அடுத்த சொல்லில், "அங்கீகாரம்" என்பதில். முதல் சொல் அந்த மனிதரின் காதில் விழவே இல்லை. எங்கே தடுக்கும் என்று காத்திருந்தவருக்கு எப்படி விழும்?

ஆரம்பப் பிரிவில் தலை நரைத்தவள் நான். வாசிக்கப் பழக்குவதில் பாதி வேலை, பிள்ளை வாசிப்பதை உட்கார்ந்து கேட்பது. இந்தப் பதிவு முழுவதும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், சலித்தால் தாண்டிப் போங்கள்.

தமிழ் எழுத்து இலகுதானே, 247ஐயும் பழக்கிவிட்டால் பிள்ளை எதையும் வாசிக்குமே என்பவர்கள் தரம் ஒன்றில் ஒரு தவணை இருந்து பாருங்கள். "மை" என்று எழுதினால் குறி முன்னால் நிற்கும், வாயில் மகரம்தான் முதலில் வரும். "கொ" என்றால் குறி எழுத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கும். கண் போகும் வரிசை ஒன்று, நாக்குப் போகும் வரிசை வேறு. "காகம்" என்ற ஒரே சொல்லுக்குள் ககரம் இரண்டு விதமாக ஒலிக்கிறது. எங்கே எப்படி ஒலிக்கும் என்று எழுத்தை மட்டும் பார்த்து ஒரு பிள்ளைக்குத் தெரியாது. அந்தச் சொல்லை முன்பே காதால் கேட்டிருக்க வேண்டும். "அங்கீகாரம்" என்பதைத் தோட்டத்து வரிசை வீடுகளில், எந்த லயத்து வாசலில் அந்தப் பிள்ளை கேட்டிருக்கும், சொல்லுங்கள். வீட்டில் "அம்மா மலைக்குப் போயிருச்சு" என்று பேசிவிட்டு வரும், மலை என்றால் கொழுந்து பறிக்கும் இடம். புத்தகத்தில் "அம்மா வேலைக்குச் சென்றார்" என்றிருக்கும். இரண்டும் ஒரே அம்மாதான் என்று விளங்கவே கொஞ்ச நாள் பிடிக்கும்.

எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளை சொல்லின் கடைசிக்கு வரும்போது தொடக்கத்தை மறந்துவிடும். அதை மறுபடி வாசிக்கச் சொல்ல வேண்டும். தடுக்கும் இடத்தில் சொல்லை எடுத்துக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மூன்றாவது தடவையில்தான் வசனம் வசனமாக வரும், முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அப்புறம் "சரி, யாருக்கு என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும். இத்தனையும் ஒரு பிள்ளைக்கு, தினமும். முப்பது பிள்ளைகள், நாற்பது நிமிடப் பாடம் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடமும் கொஞ்சமும். அதற்குள் ஒருவரின் பென்சில் காணாமல் போகும், ஒருவருக்கு மூக்கில் இரத்தம் வரும். பக்கத்து வகுப்புக்கும் நமக்கும் நடுவே இருப்பது ஒரு கரும்பலகை மட்டும். அந்தப் பக்கம் வாய்ப்பாடு, இந்தப் பக்கம் பாட்டு. மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்காது. நுவரெலியா மாவட்டத்தில் எத்தனை நாள் மழை என்று உங்களுக்குத் தெரியாததா.

வெளியாருக்குத் தெரியாத ஒரு சங்கதியும் சொல்கிறேன். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கடகடவென்று "வாசிக்கிற" பிள்ளைகளை எல்லா ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களும் பார்த்திருப்போம். முழு வகுப்பும் ஒரே குரலில் சொல்வதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம். கூட்டத்தோடு நிற்கும்வரை யாரும் கண்டுபிடிக்க முடியாது. தனியாகக் கூப்பிட்டு வேறு பக்கத்தைக் காட்டினால்தான் விஷயம் வெளியே வரும். ஆகவே அதற்கும் ஒவ்வொருவரையாகக் கேட்டே ஆக வேண்டும்.

நான் வாசிக்கப் பழகியது பாடசாலையில் மட்டும் என்றால் அது பொய். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள் அல்லவா, அந்தக் கணக்கில் எங்கள் லயத்திலிருந்தும் குடும்பங்கள் போயின. கூடலூர், கோத்தகிரி என்று போனவர்களிடமிருந்து எண்பதுகளில் மடித்து ஒட்டிய நீலக் கடிதாசி வரும். பக்கத்துக் காம்பரா அப்பாயிக்கு எழுத்து வாசனையே கிடையாது. மலையிலிருந்து வந்து கூடையை இறக்கி, கைகால் கழுவி, தேத்தண்ணியோடு வாசலில் உட்கார்ந்து "வா ஆயி, படி" என்பார். போன மகன் எழுதியது. கையெழுத்தோ கிறுக்கல். நான் திக்கித் திணறி முடிப்பேன். மறுநாளும் அதே கடிதாசி. ஒரு வரியைத் தாண்டிவிட்டால் பிடித்துவிடுவார். "நேத்து மாடு கன்னு போட்டதுன்னு வந்துச்சே, இன்னைக்கு எங்கடி?" அடுத்த கடிதாசி வரும்வரை இதுதான். மகன் பேர் வரும் இடத்தில் மட்டும் மெதுவாகப் படிக்கச் சொல்வார். அந்தக் கிறுக்கலை வாசித்துப் பழகிய எனக்கு அச்செழுத்து ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

ஒரு எழுத்தும் தெரியாத அப்பாயிதான் எனக்கு வாசிப்பு டீச்சர். ஏனென்றால் அவர் கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

அதனால் "பெற்றோருக்கு எழுத்தறிவு இல்லை, அதுதான் பிரச்சினை" என்று அந்த வீடியோவுக்குக் கீழே தீர்ப்பு எழுதிய அண்ணன்மாரே, எழுத்தறிவு இல்லாதவரும் கேட்கலாம். இல்லாதது நேரம். விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களம், கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், வந்த பிறகு தண்ணீர், விறகு, சமையல். அந்த அம்மாவிடம் போய் "பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து கேளுங்கள்" என்று நானும் பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறேன். "சரிங்க டீச்சர்" என்பார்கள். கண்ணில் தூக்கம் நிற்கும். சிலர் கேட்கவும் செய்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை மறுநாளே எனக்கு அடையாளம் தெரியும்.

வீட்டில் முடியாததைப் பாடசாலை செய்ய வேண்டும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். எதை வைத்துச் செய்வது? எந்தப் பாடசாலைக்கும் போய்ப் பாருங்கள், கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரிக்குள் கதைப் புத்தகங்கள் வரிசையாக, அழகாக, பூட்டிக் கிடக்கும். இன்வென்டரியில் ஏற்றிய புத்தகம் தொலைந்தால் பொறுப்பான ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். கணக்காய்வுக்குப் பயந்து சாவி இறாக்கையில். கிழிந்தால் கிழியட்டும், பிள்ளையின் கையில் கிழிந்த புத்தகம் வாசித்த புத்தகம் என்று எந்தச் சுற்றறிக்கையாவது சொல்லட்டும், நாளைக்கே திறக்கிறோம்.

ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் கொண்டாடுவோம். பேனர் கட்டுவோம், பேச்சுப் போட்டி வைப்போம், "வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும்" என்று எல்லாரும் ஒரு தடவையாவது சொல்வோம். பிரதம அதிதி மாலையோடு நின்று வாசிப்பின் மகிமையைப் பேசி முடிப்பதற்குள் மூன்று பிள்ளைகள் வெயிலில் மயங்கி விழும். அன்றைக்கு மட்டும் ஒருவரும் ஒரு வரியும் வாசித்திருக்க மாட்டோம்.

இனி உங்கள் கேள்விகள். வரும் என்று தெரியும்.

"வீடியோ வந்ததால்தானே டீச்சர் இந்தப் பேச்சே வந்தது?" இல்லை. இந்தப் பேச்சு எங்கள் ஓய்வறையில் எத்தனையோ வருடமாக நடக்கிறது. யாருக்கும் லைக் விழாததால் உங்களுக்குக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை நாளைக்கு வகுப்பில் எழும்பி நின்று வாசிக்குமா என்று யோசித்தீர்களா? அதன் அண்ணன் போனில் அதைப் பார்த்திருப்பான், லயம் முழுக்கப் பார்த்திருக்கும். பெரியவர்களுக்கே மேடையில் பத்துப் பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

"ஆசிரியர்களைக் காப்பாற்றுகிறீர்கள்." போனைப் பார்த்துக்கொண்டு பாடவேளையை ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். எல்லாத் திணைக்களத்திலும் இருப்பதுபோல. சரி, அடுத்தது.

"நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு..." நல்ல சம்பளமா? தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் என்று எங்கள் பிள்ளைகளையே எடுத்தார்களே, அவர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் கொடுத்தார்கள். பிறகு போனால் போகிறது என்று 10,000 ஆக்கினார்கள். நிரந்தர நியமனம் வரும்வரை அந்தக் காசில் பஸ்ஸும் ஏறி, வாடகையும் கொடுத்து, தரம் ஒன்றுக்கு அட்டையும் கலரும் வாங்கி எழுத்துப் பழக்கியவர்களை எனக்குத் தெரியும். அப்போது யாரும் சோக இசை போடவில்லை.

"ஸ்மார்ட் போர்ட் கொடுக்கலாமே?" கொடுங்கள். துணி போட்டு மூடி வைக்கிறோம். அது பாட்டுப் பாடும், படம் காட்டும், ஒரு பிள்ளை வாசிப்பதைப் பொறுமையாகக் கேட்குமா?

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை. கேற்றில் படத்தோடு பேனர் ஏறுவது அதற்குத்தான். அதனால் கெட்டிக்கார ஆசிரியரைத் தரம் ஐந்தில் போடுவோம், நேற்று வந்த புது ஆசிரியரைத் தரம் ஒன்றில் போடுவோம். தரம் மூன்றிலேயே மாதிரி வினாத்தாள் தொடங்கிவிடும். பந்தியை வாசிக்காமலே கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடிக் கீறு போடும் வித்தையைப் பிள்ளைகள் எங்களிடமிருந்தும் டியூஷனிலிருந்தும் கற்கிறார்கள். ஐந்து வருடத்தில் ஒரு கதையை முழுசாக வாசிக்காமல் வெட்டுப்புள்ளியைத் தாண்டும் பிள்ளையும் உண்டு, ஒரு கதையும் வாசிக்க வராமல் கடைசி வாங்கில் இருந்தே தரம் ஆறுக்குப் போகும் பிள்ளையும் உண்டு. முதலாவது பிள்ளைக்கு பேனர். இரண்டாவது பிள்ளைக்கு வீடியோ.

வலயக் கல்வி அலுவலகத்தில் இதைச் சொன்னால் "அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளைப் பதிந்திருக்கிறீர்களா டீச்சர்?" என்று கேட்பார்கள். பதிந்திருக்கிறோம் சேர். கட்டம் கட்டமாகச் சரி போட்டுப் பதிந்திருக்கிறோம். அதைப் பதிகிற நேரத்தில் நான்கு பிள்ளைகளைக் கேட்டிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. கொழும்பில் ஒரு சர்வதேசப் பாடசாலைப் பிள்ளையிடம் இதே பத்திரிகையைக் கொடுங்கள். வாசிக்காமல் முழிக்கும். அம்மா சிரித்துக்கொண்டே "அவனுக்குத் தமிழ் வராது" என்பார். அது பெருமை. எங்கள் பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் ஒரு சமூகத்தின் அவலம், சோக இசை, வங்கிக் கணக்கு இலக்கம். ஏன் எப்போதும் எங்கள் பிள்ளையின் முகம்? கொழுந்துக் கூடையோடு எங்கள் அம்மாவைப் படம் எடுத்தீர்கள், லயத்துக் கூரையைப் படம் எடுத்தீர்கள், இப்போது பிள்ளையின் நாக்கு. இலவசக் கல்வி இந்த நாட்டுக்கு 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் கையேற்கத் தொடங்கியது 1970களில். நடுவே போன காலத்தை யாராவது போனில் பிடித்துக் காட்டுங்கள் பார்க்கலாம். அந்த ஒரே அறைப் பாடசாலைகளில் எல்லா வகுப்பையும் ஒரே வாத்தியார் வைத்துக்கொண்டு எங்கள் அப்பாமாருக்குக் கையெழுத்துப் போடவாவது பழக்கினார்கள். அவர்களையும் அப்போது யாரோ "என்னத்தைப் படிப்பித்தார்கள்" என்று கேட்டிருப்பார்கள்.

விஷயத்தை விட்டு எங்கேயோ போய்விட்டேன் என்பீர்கள். போகவில்லை. எங்களைப் பார்க்க வருபவர்களில் கேட்க வருபவர் இல்லை என்பதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

அதனால் கொப்பி கொடுக்க வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொப்பியும் கொண்டு வாருங்கள், தேவைதான், வேண்டாம் என்று சொல்லும் நிலையில் எந்த வீடும் இல்லை. ஆனால் போனை அதிபரின் அறையில் வைத்துவிட்டு ஒரு பாடவேளை வாங்கில் உட்காருங்கள். ஒரு பிள்ளை உங்களுக்கு ஒரு பக்கம் வாசிக்கும். இடையில் திருத்தாதீர்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், முடிந்ததும் கதையில் ஒரு கேள்வி கேளுங்கள். அடுத்த மாதமும் வந்தால் அதே பிள்ளையிடம் போங்கள். ஓய்வுபெற்று ஹட்டனிலும் பண்டாரவளையிலும் சும்மா வீட்டில் இருக்கும் சேர்மார், டீச்சர்மார் இதை வாராவாரம் செய்யலாம். அதிபர் வலயத்தின் அனுமதி வேண்டும் என்பார். அவர் சொல்வதும் சரிதான், யார் யாரோ வந்து போகும் காலம். அனுமதிக் கடிதம் எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், மாதிரி ஒன்று அனுப்புகிறேன்.